பழைய யந்திரமும் புதிய அடிமைத்தனமும்

ஒருவன் விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தைத் தானே திறந்து பார்க்கவும், பழுதுபட்டால் தானே சீர்படுத்தவும், அல்லது தனக்கு நம்பிக்கையுள்ள தொழிலாளியிடம் கொடுத்துச் சீர்படுத்திக் கொள்ளவும் அவனுக்குப் பாத்தியதை உண்டா, இல்லையா? இதுவும் ஒரு கேள்வியா என்று நேயர்கள் நகைக்கக் கூடும். நமது பாட்டன்மார் காலத்தில் இது கேள்வியே அன்று. ஏர் முறிந்தால் தச்சன் வீடு, கொழு மழுங்கினால் கொல்லன் உலை, அவ்வளவுதான். ஆயினும் இதே கேள்வி இன்று அமெரிக்க நியாயஸ்தலத்தின் படியேறியிருக்கிறது. நமது சர்க்காரும் 2022-ம் வருஷத்தில் இதை ஆராய்வதற்கென்று ஒரு கமிட்டி நியமித்தார்கள். வழக்கு உழவனுடைய டிராக்டரைப் பற்றியது. அதிலடங்கிய தத்துவமோ சுதந்திரத்தின் வேரையே தொடுவது.

நமது அபிப்பிராயத்தைச் சொல்லுமுன், எண்பது வருஷத்துப் பழைய யந்திரம் ஒன்றைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் சிறு விவசாயிகளும் பழைய சங்கிலி டிராக்டர்களைத் தேடி வாங்கி, தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்துப் பழுதுபார்த்து, மீண்டும் ஓடச் செய்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று சிலர் தள்ளிவிடுவர். நாம் இதைச் சாட்சியமாகக் கொள்ளுகிறோம்.

சங்கிலி டிராக்டர் என்பது சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப் பட்டையின்மேல் நகரும் வண்டி. நம் ஊர்களில் ஏரியைத் தூர் வாரவும் மேட்டைச் சமன் செய்யவும் வரும் செயின் டோசர் இந்த வமிசத்தைச் சேர்ந்ததே. காலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகருக்கருகேயுள்ள இளகிய நிலத்தில் நீராவி டிராக்டர்களின் பெருஞ்சக்கரங்கள் புதைந்து போவதைக் கண்ட பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், 1904-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், சக்கரங்களை நீக்கிவிட்டு மரப்பலகைகள் பொருத்திய சங்கிலிகளை மாட்டிப் பரீட்சித்தார். பாரம் அகன்ற பட்டையின்மேல் பரவியதால் வண்டி புதையவில்லை. கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் ஊர்ந்த அந்த வண்டிக்கு அப்பூச்சியின் ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. ஹோல்ட் கம்பெனியும் அதன் போட்டியான பெஸ்ட் கம்பெனியும் 1925-ல் ஒன்றாகி, காட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி பிறந்தது.

அக்கம்பெனியார் 1938 முதல் 1957 வரையில் செய்த டி2 என்னும் சிறு டீஸல் டிராக்டர், வீட்டில் பழுதுபார்ப்போருக்கு மிகவும் இசைந்தது. நான்கு சிலிண்டர், சுமார் மூன்று டன் எடை. இரண்டு சங்கிலிகளுக்கும் இடையே 40 அங்குலம், 50 அங்குலம் என்று இரண்டு அளவுகளில் வந்தது. 3ஜே, 5ஜே, 4யூ, 5யூ என்று வண்டியின் நம்பருக்கு முன் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தால், அது எந்த அளவினது, எந்தக் காலத்தது என்பது தெரிந்துவிடும். அந்த நம்பரைக் கொண்டு அதற்குரிய உதிரிப்பாகப் புஸ்தகத்தைத் திறந்தால், ஒவ்வொரு வாஷருக்கும் படமும் எண்ணும் உண்டு.

இருபது, முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த அத்தகைய வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருபவன் முதலில் செய்ய வேண்டிய காரியம், அதைக் கிளப்ப முயலாமலிருப்பதே. புகைக்குழாய் வழியாக மழைநீர் இறங்கிப் பிஸ்டனைச் சிலிண்டரோடு துருவால் கட்டிப் போட்டிருக்கும். பலாத்காரமாகத் திருப்பினால் ஏதேனும் ஒன்று உடையும். அடியிலுள்ள எண்ணெயை வடித்து, அதில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர் தேசமானால், உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து இஞ்சின் கட்டையை வெடிக்கச் செய்திருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். பிறகு துருவினுள் ஊடுருவும் எண்ணெயைச் சிலிண்டர்களில் விட்டு, நாட்கணக்கில், வேண்டுமானால் வாரக்கணக்கில் ஊற வைத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாய் அசைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பொறுமையே முதல் ஆயுதம்.

இந்த டீஸல் இஞ்சினைக் கிளப்புவதற்கென்றே இரண்டு சிலிண்டருள்ள குட்டிப் பெட்ரோல் இஞ்சின் ஒன்று அதன் பக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். கையினால் சுற்றிக் குட்டியைக் கிளப்பினால், அது பெரியதைச் சுழற்றும். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றே. ஆகவே குட்டி ஓட ஓடப் பெரியதின் உடம்பும் சூடேறும். குட்டியின் புகை, பெரிய இஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயையும் சூடாக்கிவிடும். பாட்டரி இல்லாமல், உறைபனி பெய்யும் காலையிலும் வண்டி புறப்பட இதுவே வழி. மேக்னெட்டோவின் பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, கார்புரேட்டரில் காய்ந்து பிசினாகிவிட்ட பழைய பெட்ரோலைக் கழுவினாலே, பல குட்டி இஞ்சின்கள் உயிர் பெற்றுவிடும்.

இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும். டீஸல் பம்பில் எண்ணெயை அளந்துவிடும் பல்சட்டம் துருவேறி முழுத் திறப்பில் நின்றுவிட்டிருந்தால், கிளம்பிய இஞ்சின் அடங்காது. வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத்தானே நொறுக்கிக் கொள்ளும். ஆகையால் பல்சட்டம் விரலுக்கு இளகி நகருகிறதா என்று பார்த்த பின்பே, காற்றுக் குழாயை அடைப்பதற்கு ஒரு பலகையையும் கையில் வைத்துக்கொண்டு, முதல் முறை கிளப்புவது அறிவாளிகளின் வழக்கம்.

இஞ்சின் ஓடினாலும் வண்டி திரும்ப மறுக்கலாம். இதற்குக் கார் போல் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், வலப்பக்கச் சங்கிலிக்குப் போகும் சக்தியைக் கிளட்சினால் துண்டித்து, வேண்டுமானால் பிரேக்கும் பிடிக்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் இந்தக் கிளட்சின் தகடுகள் ஈரத்தால் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசனத்தையும் எண்ணெய்த் தொட்டியையும் இறக்கி, தகடுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தேய்ப்பது அலுப்பான வேலை. ஆனால் சாதாரண ஸ்பானர் கொண்டு செய்யக் கூடிய வேலை.

அடிப்பாகமே பணத்தை விழுங்குவது. பல்சக்கரம், முன்சக்கரம், ரோலர், சங்கிலி இவை தேய்ந்திருந்தால், வண்டி வாங்கிய விலையைவிட அவற்றை மாற்றும் விலை அதிகமாகிவிடும். ஆகவே அனுபவசாலி இஞ்சினைப் பார்க்குமுன் அடிப்பாகத்தைப் பார்ப்பான். ஆனால் இங்கேயும் யந்திரத்தைச் செய்தவர்கள் ஒரு தர்மத்தை வைத்திருக்கிறார்கள். சங்கிலியின் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கத்தில்தான் தேயும். பல டன் பலமுள்ள ப்ரெஸ்ஸில் வைத்து அவற்றைத் தள்ளியெடுத்து, அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் ஏற்றினால், தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும். ஒரே சங்கிலிக்கு இரண்டு ஆயுள்! ஒன்று மட்டும் எச்சரிக்கை: முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் பெரிய சுருள்வில் பல டன் விசையில் அழுத்தி வைக்கப்பட்டிருப்பது. முறை தெரியாமல் அதன் போல்ட்டை அவிழ்ப்பவன் உயிரிழக்கக் கூடும். வீட்டில் செய்யத்தக்க வேலை எது, பட்டறைக்கு அனுப்பத்தக்க வேலை எது என்று பகுத்தறிவதும் இந்த வித்தையில் ஒரு பகுதியே.

இத்தனை விவரங்களையும் நாம் எடுத்துரைத்ததற்குக் காரணமுண்டு. எண்பது வருஷத்துக்குப் பின் தனி மனிதன் ஒருவன் தன் கொட்டகையில் இந்த யந்திரத்தை உயிர்ப்பிக்க முடிகிறதென்றால், அதற்கு அவனுடைய விடாமுயற்சி ஒன்றே காரணமன்று. போல்ட்டுக்கு ஸ்பானர் கடையில் கிடைக்கிறது. எந்தப் பாகம் எங்கே, எவ்வளவு இடைவெளியில் உட்கார வேண்டும் என்று சொல்லும் புஸ்தகத்தைக் கம்பெனியாரே அச்சிட்டு வெளியிட்டிருந்தார்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். யந்திரத்தினுள் மறைபொருள் ஏதும் இல்லை. வாங்கியவன் அதற்கு எஜமானன் என்ற எண்ணத்துடன் அது செய்யப்பட்டிருந்தது.

இந்த உண்மையின் பலனை நமது தேசமே ஒரு சமயம் அனுபவித்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அஸ்ஸாமிலுள்ள லெடோவிலிருந்து பர்மாவுக்கு மலைகளினூடே சாலை போட்ட அமெரிக்கப் படையார், சங்கிலி டிராக்டர்களைக் கொண்டே அவ்வேலையைச் செய்தனர். யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இந்நாட்டில் கழித்துவிட்டுப் போன பழைய டிராக்டர்களைப் பழுதுபார்த்தே, 1947-ம் வருஷத்தில் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் தன் வேலையைத் தொடங்கிற்று. மத்திய இந்தியாவில் கான்ஸ் என்னும் நாணல்வகைப் புல் வேரூன்றி, லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பாழாக்கியிருந்தது. மாடு பூட்டிய ஏருக்கு அந்த வேர் எட்டாது. கோடையில் ஆழ உழுது வேரைப் புரட்டி வெயிலில் காய வைத்தாலொழிய அது சாகாது. புதிய டிராக்டர்கள் வாங்குவதற்காக உலக பாங்கி 1949 செப்டம்பரில் ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. அதற்கு முன்பு, உணவுப் பஞ்சம் வாட்டிய நாட்களில், சுதந்திர இந்தியாவின் பாழ்நிலத்தைக் கீறிய யந்திரங்கள் பழையவை. நமது தொழிலாளர் பழுதுபார்த்தவை. அவை பூட்டிய யந்திரங்களாயிருந்திருந்தால், பழைய இரும்பு வியாபாரிக்கே பிரயோஜனப்பட்டிருக்கும்.

காந்தியடிகள் யந்திரங்களுக்கு விரோதி என்று சொல்லுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1929-ம் வருஷத்தில் அகில பாரத சர்க்கா சங்கத்தார், சிறந்த புதுமாதிரி இராட்டினத்துக்கு ஒரு லக்ஷம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அதன் நிபந்தனைகள் நோக்கத்தக்கவை. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. கிராமத்துக் குடிசையில் இயங்க வேண்டும். அவ்வப்போது பழுதுபார்த்து வந்தால் இருபது வருஷம் உழைக்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவு வருஷத்துக்கு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது. யந்திரத்தின் வேகத்தோடு நில்லாமல், அது பழுதானால் ஏழையின் கதி என்ன என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த நிபந்தனைகள் இவை. இன்று டிராக்டருக்கு மானியம் வழங்கும் நமது அதிகாரிகள் இத்தகைய நிபந்தனை ஒன்றையேனும் விதித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

தமிழ்நாட்டில் யந்திர ஞானம் எவ்வாறு பிறந்தது என்பதற்கும் சான்று உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, இளமையில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே தம் கல்வியைத் தொடங்கினார். 1920-ல் ஒரே பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர், பின்னர் பெருந்தொழில்களுக்கு அதிபரானார். அந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றுவது குற்றம் என்று ஒரு கம்பெனி அன்று சொல்லியிருந்தால், கோயம்புத்தூர் ஒரு மேதையை இழந்திருக்கும்.

இப்பொழுது நிலைமை என்ன? புது டிராக்டரில் எண்ணெயை அளந்துவிடுவது பல்சட்டமன்று, கம்ப்யூட்டர். புகையைக் குறைப்பதற்கென்று வைத்த ஒரு சிறு உணர்கருவி பழுதானாலும், கம்ப்யூட்டர் இஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். சில சமயம் நிறுத்தியும் விடும். பழுது இன்னதென்று அறிவதற்கும், புதுப் பாகத்தை ஏற்றுக்கொள்ளும்படி அதற்குக் கட்டளையிடுவதற்கும் தனி மென்பொருள் வேண்டும். அதன் சாவி விற்பனையாளரிடம். அறுவடை நாளில் மேகம் திரண்டு நிற்க, உழவன் வரப்பில் உட்கார்ந்து, எங்கிருந்தோ மடிக்கணினியுடன் வரும் ஒருவனை எதிர்பார்த்திருக்க வேண்டும். 2015-ம் வருஷத்தில் ஜான் டியர் கம்பெனியார் அமெரிக்கப் பதிப்புரிமைக் காரியாலயத்துக்கு எழுதிய வாதத்தில், வண்டியை வாங்கியவனுக்கு அதிலுள்ள மென்பொருளை வண்டியின் ஆயுள் வரையில் உபயோகிக்கும் அனுமதியே உண்டு என்றார்கள். விலை கொடுத்து வாங்கியவன் குடிக்கூலிக்காரனாகி விட்டான்!

அமெரிக்க உழவர்கள் இதைச் சகித்திருக்கவில்லை. 2023 ஜனவரியில் அக்கம்பெனிக்கும் அமெரிக்க விவசாயிகள் சம்மேளனத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சட்டம் கேட்டுக் கிளர்ச்சி செய்வதைச் சம்மேளனம் கைவிட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஆனால் அதே வருஷம் ஏப்ரலில் கொலராடோ ராஜ்யம் சட்டமே செய்துவிட்டது. உதிரிப்பாகம், கருவி, மென்பொருள், விளக்கப் புஸ்தகம் யாவற்றையும் உழவனுக்கும் தனிப்பட்டறைகளுக்கும் கொடுத்தே ஆக வேண்டுமென்ற அச்சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனே அக்கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது.

நமது நாட்டுச் சட்டநிலையைப் பார்ப்போம். மோட்டார் கார் விஷயத்தில் இந்தியப் போட்டிக் கமிஷன் 2014 ஆகஸ்டில் துணிவான தீர்ப்பொன்று அளித்தது. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிட்டாமல் செய்ததற்காகப் பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத் தொகை மேல் விசாரணைக்குச் சென்றது வேறு விஷயம், தத்துவம் நிலைநாட்டப்பட்டது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் மென்பொருட் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. தன் வண்டியைப் பழுதுபார்க்கத் திறப்பவன் அதில் அகப்படமாட்டான் என்பது நமது அபிப்பிராயம். ஆக, சட்டம் கதவைச் சாத்தவில்லை. ஆனால் சாவியைக் கொடுக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. 2022 ஜூலையில் நியமிக்கப்பட்ட கமிட்டியின் ஆராய்ச்சிக்கு விவசாயக் கருவிகளும் உட்பட்டிருந்தன. அவ்வருஷம் டிசம்பரில் ஒரு வலைத்தளம் திறக்கப்பட்டது. வலைத்தளம் சட்டமாகாது. கம்பெனி தானாக விரும்பிக் கொடுத்தால் தகவல். விரும்பாவிட்டால் வெறும் பக்கம்.

காலதாமதத்துக்கு இடமில்லை என்பதற்கும் காரணம் சொல்லுகிறோம். ஐம்பது குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 ஜனவரி 1 முதல் நமது நாட்டில் அமுலுக்கு வந்தன. அவற்றால் கம்ப்யூட்டர் ஆளும் இஞ்சின் நமது வயலுக்குள்ளும் இறங்கிவிட்டது. இதுகாறும் எந்தத் தாலூகா ஊரிலும் ஒரு மெக்கானிக் சரி செய்யக் கூடியதாயிருந்த டிராக்டர், இனி அவன் கைக்கு எட்டாத பொருளாகும். வேலையிழப்பவன் அந்த மெக்கானிக், பணமிழப்பவன் உழவன்.

கம்பெனிகளின் தரப்பில் மூன்று ஆக்ஷேபங்கள் சொல்லப்படுகின்றன. அனுபவமில்லாதவன் திறந்தால் அபாயம் என்பது ஒன்று. பழைய சங்கிலி டிராக்டரின் சுருள்வில்லைவிட அபாயமான பொருள் எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. அபாயத்துக்குப் பரிகாரம் அறிவைப் பரப்புதலேயன்றி அறிவைப் பூட்டி வைத்தலன்று. புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்பது இரண்டாவது. இதில் நியாயமுண்டு. கட்டுப்பாட்டைக் கெடுப்பவனைத் தண்டிக்கட்டும். அதற்காகப் பழுதுபார்ப்பவன் கையைக் கட்டுவானேன்? வியாபார இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பது மூன்றாவது. சோதனைக் கருவியைத்தான் கேட்கிறோம். இஞ்சின் தயாரிக்கும் சூத்திரத்தையன்று. புது யந்திரம் எண்ணெயை மிச்சப்படுத்துகிறது, புகையைக் குறைக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய காலத்துக்குத் திரும்புவோமாக என்று நாம் உபதேசிக்கவும் இல்லை. புதிய யந்திரத்திலும் பழைய பாத்தியதை வேண்டும் என்பதே நமது கட்சி.

ஆகையால் நாம் கோருவது இவையே. விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைப் பார்லிமெண்டு சட்டமாக்க வேண்டும். விளக்கப் புஸ்தகமும் உதிரிப்பாகப் பட்டியலும் தமிழ் முதலிய தேசபாஷைகளில் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். சோதனை மென்பொருளை விற்பனையாளருக்குக் கொடுக்கும் நிபந்தனையிலேயே தனிப்பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும். சர்க்கார் மானியம் பெறும் எந்த டிராக்டருக்கும் இந்நிபந்தனைகள் கட்டாயமாக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு, இஞ்சினோடு கம்ப்யூட்டரையும் திறந்து காட்ட வேண்டும்.

தேசபக்தர்களுக்கும் விவசாய சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கடன், விலை, தண்ணீர் என்று நாம் நடத்தும் கிளர்ச்சிகளில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள். உள்நாட்டுத் தொழிற்சாலையில் செய்ததென்று முத்திரை குத்திய யந்திரமாயினும், அதன் சாவி நம்மிடம் இல்லாவிடில் அது சுதேசி ஆகாது. எங்கோ ஒரு கொட்டகையில் ஒரு கிழவர் எண்பது வருஷத்து டிராக்டரைக் கிளப்பும்போது எழுகிற சப்தத்தில், தன் பொருளுக்குத் தானே எஜமானனாயிருக்கும் ஒரு மனிதனுடைய சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் நமது உழவனுடைய பேரனுக்கும் கிட்ட வேண்டுமானால், இன்று அவன் வாங்கும் யந்திரம் திறக்கக் கூடியதாயிருக்க வேண்டும். அதற்கான சட்டத்தைச் செய்யும்படி நமது பிரதிநிதிகளை நாம் வற்புறுத்துவோமாக.